முடிதிருத்தகத்தில் பிறந்த நான்கு குரல்கள்

சென்ற மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு காணொளி பார்த்தோம். நான்கு வெள்ளைக்கார ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள். தலையில் தட்டையான வைக்கோல் தொப்பி, உடம்பில் கோடு போட்ட மேல்சட்டை, கழுத்தில் 'போ' டை. பக்கவாத்தியம் ஒன்றுகூட இல்லை. நான்கு பேரும் வாயைத் திறந்ததும் அறை நிறைந்தது. அந்த இசைக்குப் பெயர் 'பார்பர்ஷாப் இசை' என்று சொன்னோம்.

"சலூன்ல பாடுற பாட்டா?" என்று கேட்டார் ஒரு தோழர். பின்வரிசையில் இருந்த கல்லூரி மாணவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "எங்க ஊர் சலூன்ல எங்களுக்கு முடியே வெட்ட மாட்டாங்க. அங்க உக்காந்து பாட்டு வேற பாடுவாங்களாக்கும்."

எல்லோரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது. ஏனென்றால் அந்தத் தம்பி தெரியாமலேயே சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். ஒரு முடிதிருத்தகத்தில் யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும், யார் வெளியே போக வேண்டும் என்பதுதான் இந்த இசையின் வரலாறே. அன்று அவருக்குச் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறோம்.

முதலில் இசையைக் கேட்போம்

நம் இசை மரபில் ஒருவர் பாட, மற்றவர்கள் அதே மெட்டைப் பின்தொடர்வதுதான் வழக்கம். ஒரே நேரத்தில் பலர் வெவ்வேறு சுரங்களைப் பாடி, அவை சேர்ந்து ஒரே ஒலியாக எழுவதை 'ஹார்மனி' என்கிறார்கள். தேவாலயப் பாடகர் குழுக்களிலும், இளையராஜாவின் பாடல்களில் வரும் பின்னணிக் குரல்களிலும் இதை நாம் கேட்டிருக்கிறோம். அப்படிச் சேர்ந்து ஒலிக்கும் சுரத்தொகுதிக்குப் பெயர் கார்டு.

பார்பர்ஷாப் இசைக்கு நான்கு குரல்கள் வேண்டும். மெட்டைப் பாடுபவர் 'லீட்'. அவருக்கு மேலே மெல்லிய குரலில் ஒருவர் பாடுவார், அவர் 'டெனர்'. அடித்தளமாக ஆழ்ந்த குரலில் பாடுபவர் 'பேஸ்'. மீதமுள்ள இடைவெளியில் எந்தச் சுரம் குறைகிறதோ அதைத் தேடிப் பிடித்து நிரப்புபவர் 'பாரிடோன்'. நான்கில் மிகக் கடினமான வேலை பாரிடோனுக்குத்தான். அவர் பாடும் வரியைத் தனியாகக் கேட்டால் மெட்டே இல்லாததுபோல் இருக்கும். ஆனால் அவர் நிறுத்தினால் மொத்தமும் ஓட்டையாகிவிடும். தேவாலயப் பாடல்களில் பொதுவாக மெட்டு மேல்குரலில் இருக்கும். இங்கே மெட்டு நடுவில் இருக்கிறது, மேலும் கீழும் மற்ற மூன்று குரல்கள் அதைச் சுற்றிக்கொள்கின்றன.

இந்த இசையின் உயிர்நாடி ஒரு குறிப்பிட்ட கார்டு. நம் சுரக்கணக்கில் சொன்னால் சட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம் ஆகிய நான்கும் ஒன்றாக ஒலிப்பது. பாடகர்கள் இதைப் 'பார்பர்ஷாப் செவன்த்' என்பார்கள். பியானோவில் வாசித்தால் இது முழுமையாகக் கிடைக்காது. நான்கு சுரங்களின் அதிர்வெண்களும் 4:5:6:7 என்ற விகிதத்தில் அமையும்படி பாடகர்கள் காதால் கேட்டுக் கேட்டுச் சரிசெய்கிறார்கள். அந்த நிஷாதம் பியானோவில் உள்ளதைவிடக் கொஞ்சம் தாழ்ந்து நிற்கும். சரியாக அமைந்துவிட்டால், நான்கு பேர் பாடும் இடத்தில் யாரும் பாடாத ஐந்தாவது குரல் ஒன்று மேலே எழுந்து ஒலிக்கும். இதில் மாயம் எதுவும் இல்லை. நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவில், யாரும் மீட்டாத காந்தாரம் தானாகக் கேட்கும் அல்லவா, அதே இயற்பியல்தான். இதைக் 'கார்டு மணியடிக்கிறது' என்று பாடகர்கள் சொல்வார்கள். அந்த மணியொலிக்காகத்தான் மணிக்கணக்கில் நின்று பாடுகிறார்கள்.

எழுதிவைத்த இசைக்குறிப்பு இல்லாமல், ஒருவர் மெட்டைத் தொடங்க மற்ற மூவரும் தங்களுக்கான குரலைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் இதன் பழைய முறை. இப்படி இசையைக் கண்டுபிடித்தவர்களில் பலர் யாரிடமும் முறையாகச் சங்கீதம் கற்றவர்கள் இல்லை. கற்க அவர்களில் பலருக்கு வாய்ப்பும் இல்லை.

சவரக்கத்தி யார் கையில் இருந்தது?

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், குறிப்பாகத் தென்மாநிலங்களில், முடி வெட்டுவதும் சவரம் செய்வதும் அடிமையின் வேலையாகக் கருதப்பட்டது. இன்னொருவன் உடம்பைத் தொட்டுச் செய்யும் பணிவிடை என்பதால் வெள்ளையர்கள் அதை இழிவாக நினைத்தார்கள். அதனால் அந்தத் தொழில் கறுப்பின மக்களின் கைக்கு வந்தது. அடிமையாக இருந்தவர்களும், விடுதலை பெற்ற கறுப்பர்களும் சவரக்கத்தியைப் பிடித்தார்கள். மற்றவர் இழிவென்று ஒதுக்கிய தொழிலிலிருந்தே சிலர் சொத்தும் சேர்த்தார்கள்.

மிசிசிப்பி மாநிலத்தின் நாட்செஸ் நகரில் வில்லியம் ஜான்சன் என்ற முடிதிருத்துநர் இருந்தார். அடிமையாகப் பிறந்து, சிறுவயதில் விடுவிக்கப்பட்டவர். 1835 முதல் 1851 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இன்று முக்கியமான வரலாற்று ஆவணம். ஆனால் அந்த ஜான்சனே பத்துக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏணியில் ஒரு படி ஏறியவன் கீழ்ப்படியில் இருப்பவனை மிதிப்பது உலகெங்கும் நடந்திருக்கிறது. 1851இல் நிலத் தகராறு ஒன்றில் ஜான்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன், தான் வெள்ளையன் என்று நீதிமன்றத்தில் வாதாடினான். சம்பவத்தைப் பார்த்தவர்கள் கறுப்பர்கள். வெள்ளையனுக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்ல அன்றைய சட்டம் அனுமதிக்கவில்லை. கொலையாளி தப்பினான். ஏறிய படி எவ்வளவு உறுதியானது என்பது அன்று தெரிந்துபோனது.

உள்நாட்டுப் போர் முடிந்து, 1865இல் அடிமை முறை ஒழிந்த பிறகும் தொழில் தொடர்ந்தது. 1858இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த அலான்சோ ஹெர்ண்டன், அட்லாண்டாவில் பளிங்குத் தரையும் பெரிய கண்ணாடிகளும் கொண்ட முடிதிருத்தகத்தை நடத்தினார். 1905இல் அட்லாண்டா லைஃப் காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கி, அந்நகரின் பெரும் செல்வந்தர்களில் ஒருவரானார். வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் முடிதிருத்துநரான ஜான் மெரிக், 1898இல் நார்த் கரோலினா மியூச்சுவல் காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

இந்த வெற்றிக் கதைகளுக்குள் ஒரு முள் இருக்கிறது. ஹெர்ண்டனின் ஆடம்பரக் கடையில் முடி வெட்டியவர்கள் அனைவரும் கறுப்பர்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் அனைவரும் வெள்ளையர்கள். கறுப்பரின் கடையில் கறுப்பர் முடி வெட்டிக்கொள்ள முடியாது! ஒரே கத்தி, ஒரே நாற்காலி என்றால் வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் எழுந்து போய்விடுவார்கள். பிழைப்புக்காகக் கறுப்பின முடிதிருத்துநரே தன் சொந்த மக்களை வாசலில் நிறுத்தினார்.

எங்கள் வாசிப்பு வட்டத்துத் தம்பி சொன்னதை இங்கே மறுபடி நினைவுகூர்வோம். நம் கிராமங்களில் தலித்துக்கு முடி வெட்ட மறுக்கும் முடிதிருத்துநரும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்தான். சேரிக்காரனுக்கு வெட்டிய கத்தியை எங்கள் மீது வைக்காதே என்று ஊர்த்தெரு மிரட்டுகிறது. அவர் கைதான் மறுக்கிறது, ஆனால் அந்த மறுப்புக்கு உத்தரவு வேறு இடத்திலிருந்து வருகிறது. அமெரிக்க நிறவெறியும் நம் தீண்டாமையும் ஒன்றல்ல. ஆனால் உடம்பைத் தொடும் தொழிலில் இரண்டும் ஒரேமாதிரி வேலை செய்திருக்கின்றன.

செல்வமும் காப்பாற்றவில்லை. 1906 செப்டம்பரில் அட்லாண்டாவில் வெள்ளையர் கும்பல் வெறியாட்டம் ஆடியபோது ஹெர்ண்டனின் கடைக் கண்ணாடிகள் நொறுக்கப்பட்டன. அருகிலிருந்த கறுப்பர் முடிதிருத்தகத்தில் வேலையாட்கள் கொல்லப்பட்டார்கள். 1926இல் அட்லாண்டா நகர மன்றம், வெள்ளைக்காரப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் கறுப்பர்கள் முடி வெட்டக் கூடாது என்று தடைச்சட்டமே போட்டது. நீதிமன்றம்தான் அதைத் தள்ளுபடி செய்தது. தொழிலில் காசு இருக்கிறது என்று தெரிந்ததும் 'இழிதொழில்' எப்படித் திடீரென்று வெள்ளையருக்கு உரிய தொழிலாக மாறியது பார்த்தீர்களா!

காத்திருந்தவர்கள் பாடிய பாட்டு

வெள்ளையருக்கான ஆடம்பரக் கடைகள் ஒரு பக்கம் இருக்க, கறுப்பர் குடியிருப்புகளில் கறுப்பர்களுக்கே உரிய முடிதிருத்தகங்கள் இருந்தன. பூங்காவுக்குள் நுழையத் தடை, உணவகத்தில் உட்காரத் தடை, நூலகத்தில் தடை. 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே பிரித்து வைப்பது சட்டப்படி சரி என்று சொல்லிவிட்டது. வெள்ளைக்காரக் கண்காணிப்பு இல்லாமல் ஆண்கள் கூடிப் பேசவும் சிரிக்கவும் அரசியல் பேசவும் மிஞ்சிய இடங்கள் இரண்டே: தேவாலயம், முடிதிருத்தகம். முடி வெட்ட வந்தவர்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். வேலை இல்லாத நேரத்தில் இளைஞர்களும் அங்கேயே இருந்தார்கள். பாடினார்கள்.

இதற்கு நேரடிச் சாட்சி இருக்கிறது. ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1871இல் புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் பிறந்தவர். கவிஞர், வழக்கறிஞர். கறுப்பின மக்களின் உரிமை இயக்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் பொதுச் செயலாளராக 1920களில் பணியாற்றியவர். 1925இல் தன் தம்பியோடு சேர்ந்து கறுப்பின ஆன்மிகப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டபோது, அதன் முன்னுரையில் தன் இளமைக்காலத்தை நினைவுகூர்கிறார். தெற்கில் வெள்ளைக்கார முடிதிருத்துநர் என்று ஒருவரே இல்லாத அந்த நாட்களில், ஒவ்வொரு முடிதிருத்தகத்திலும் ஒரு நால்வர் குழு இருந்தது என்கிறார். கறுப்பின இளைஞர்கள் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு குழு உருவாகிவிடும், ஒருவர் மெட்டைப் பாடினால் மற்றவர்கள் தங்கள் குரலைத் தாமாகக் கண்டுகொள்வார்கள் என்கிறார். புதிதாக ஒரு கார்டு அகப்பட்டுவிட்டால் அதை விடாமல் மறுபடி மறுபடி பாடிப் பார்ப்பார்களாம்.

ஜாஸ் இசையின் முன்னோடிகள் பலரும் இந்தப் பள்ளியில் படித்தவர்கள்தான். லூயி ஆம்ஸ்ட்ராங் நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் சிறுவனாக நண்பர்களோடு நால்வர் குழுவில் பாடிச் சில்லறை சம்பாதித்தார். டிரம்பெட்டைக் கையில் எடுப்பதற்கு முன்பே அவர் காது பழகிவிட்டது. ஜெல்லி ரோல் மோர்டன், இறந்தவர் வீடுகளில் இரவெல்லாம் விழித்திருக்கும்போது நால்வராகப் பாடியதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ராக்டைம் இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளின் 1890களில் ஒரு பாடகர் குழுவோடு ஊர் ஊராகச் சென்று பாடினார். 'ப்ளூஸின் தந்தை' எனப்படும் டபிள்யூ.சி. ஹாண்டியும் நால்வர் குழுவில் பாடியவர். மில்ஸ் பிரதர்ஸ் என்ற புகழ்பெற்ற பாடகர்களின் தந்தை, ஒஹையோ மாநிலத்தின் பிக்வா நகரில் முடிதிருத்தகம் நடத்தியவர். அவரே ஒரு பார்பர்ஷாப் நால்வர் குழுவும் வைத்திருந்தார்.

படித்த கறுப்பர்களில் எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1900இல் 'இண்டியானாபொலிஸ் ஃப்ரீமேன்' என்ற கறுப்பர் வார இதழில் ஒருவர், இந்தப் பார்பர்ஷாப் கார்டுகள் நல்ல இசையைக் கெடுக்கின்றன என்ற தொனியில் கண்டித்து எழுதினார். முறையாகக் கற்றவர்களுக்குத் தெருப்பாட்டு கொச்சையாகத் தெரிந்தது. நம்மிலும் படித்து வேலைக்குப் போனவர்கள் பறையைப் பார்த்துக் கூச்சப்பட்ட காலம் உண்டு. ஆனால் அந்தக் கண்டனம்தான் இன்று வரலாற்றாய்வாளர்களுக்குப் பெரிய ஆதாரம். இந்த இசைக்குப் 'பார்பர்ஷாப்' என்ற பெயர் கறுப்பர்களிடையே புழங்கியதை அது காட்டுகிறது. திட்டி எழுதியதும் ஆவணம்தான்!

குரல் நின்றது, பெயர் போனது

1840களிலிருந்தே அமெரிக்காவில் 'மின்ஸ்ட்ரல்' நாடகங்கள் பெரும் வணிகமாக இருந்தன. வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்து ஆடிப் பாடுவார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு கறுப்பின நடிகர்களே அந்த மேடையில் ஏறினார்கள். அவர்களும் தங்கள் முகத்தில் கரி பூசிக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த மேடைகளில் நால்வர் பாட்டு தவறாத அம்சம். அங்கிருந்து அது வெள்ளைக்காரப் பாடகர்களின் தொண்டைக்கு இடம் மாறியது.

அடுத்து ஒலிப்பதிவு வந்தது. 1890களில் யூனிக் குவார்ட்டெட், ஸ்டாண்டர்ட் குவார்ட்டெட் போன்ற கறுப்பினக் குழுக்கள் மெழுகு உருளைகளில் பாடிப் பதிவு செய்தன. 1902இல் டின்விடி குவார்ட்டெட் விக்டர் நிறுவனத்துக்குப் பாடியது. ஆனால் சந்தையை ஆண்டவை ஹேடன், பீர்லெஸ், அமெரிக்கன் குவார்ட்டெட் போன்ற வெள்ளைக்காரக் குழுக்கள். மெழுகு உருளைகள் தேய்ந்தும் உடைந்தும் அழிந்தன. வெள்ளைக்காரக் குழுக்களின் தட்டுகள் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. எது மிஞ்சியதோ அதுவே வரலாறு என்று ஆனது.

1910இல் பார்பர்ஷாப் கார்டைப் பற்றியே ஒரு பாட்டு அமெரிக்கா முழுவதும் ஒலித்தது. அந்தப் பாட்டில் வரும் மாந்தர்கள் கறுப்பர்கள். அதை மேடையில் பாடிப் புகழடையச் செய்தவர் பெர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர். ஆக, அந்த ஆண்டு வரை பார்பர்ஷாப் என்றால் கறுப்பரின் இசை என்று மக்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பின் இருபத்தைந்து ஆண்டுகள் போதுமானதாக இருந்தது. 1936 செப்டம்பரில் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழின் அட்டையில் நார்மன் ராக்வெல் ஒரு பார்பர்ஷாப் நால்வரை வரைந்தார். நால்வரும் வெள்ளையர்கள். கையில் சீப்பும் கத்தியும், முகத்தில் சோப்பு நுரையும்கூட இருந்தன. கறுப்பர் மட்டும் இல்லை.

டல்சா, 1938

1938 ஏப்ரல் 11. ஒக்லஹோமா மாநிலம், டல்சா நகரம். ஓவன் கேஷ் என்ற வரி வழக்கறிஞரும் ரூபர்ட் ஹால் என்ற முதலீட்டாளரும் விடுத்த அழைப்பை ஏற்று, டல்சா கிளப் கட்டடத்தின் மேல்மாடித் தோட்டத்தில் 26 ஆண்கள் கூடிப் பாடினார்கள். சில வாரங்களில் கூட்டம் 150 ஆனது. நாளேடுகளில் செய்தி வந்தது. ஊர் ஊராகக் கிளைகள் முளைத்தன. சங்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் நீளமானது: அமெரிக்காவில் பார்பர்ஷாப் நால்வர் பாட்டைப் பாதுகாத்து ஊக்குவிக்கும் சங்கம். அன்றைய அரசுத் திட்டங்களின் நீளமான சுருக்கெழுத்துப் பெயர்களைக் கேலி செய்ய வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள்.

பெயரில் உள்ள 'பாதுகாத்து' என்ற சொல்லைக் கவனியுங்கள். யாருடையதை, யாரிடமிருந்து பாதுகாப்பது? இதே டல்சாவில், அதற்குப் 17 ஆண்டுகளுக்கு முன், 1921 மே 31, ஜூன் 1 ஆகிய இரு நாட்களில், ரயில் பாதைக்கு அப்பால் இருந்த கிரீன்வுட் என்ற கறுப்பர் பகுதியை வெள்ளையர் கும்பல் எரித்துச் சாம்பலாக்கியது. 35 தெருத்தொகுதிகள் அழிந்தன. கறுப்பர்களின் கடைகள், திரையரங்குகள், தேவாலயங்கள், முடிதிருத்தகங்கள் எல்லாம் போயின. அந்த நகரத்தின் மாடியில் நின்றுதான் 'நல்ல பழைய நாட்களை' நினைத்து உருகினார்கள்.

கூடியவர்கள் கெட்ட எண்ணத்தோடு கூடினார்கள் என்று நாம் சொல்லவில்லை. பொருளாதார மந்தம் நிலவிய காலம். சிறுவயது நினைவுகளை, நட்பை, பாட்டைத் தேடி வந்தவர்கள் அவர்கள். அந்த இசையை உண்மையாகவே நேசித்தார்கள். ஆனால் ஒரு கலையை நேசிப்பதும், அதைப் படைத்த மக்களை மனிதர்களாக மதிப்பதும் வேறுவேறு. சங்கத்தில் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற நிலையே நீடித்தது. இசைக்கு ஒரு புதிய பூர்வீகமும் சொல்லப்பட்டது. பழங்கால இங்கிலாந்தில் முடிதிருத்தகங்களில் வாடிக்கையாளர்கள் வாசிக்க நரம்புக்கருவிகள் தொங்கவிடப்பட்டிருந்தன, அதன் தொடர்ச்சியே இது என்றார்கள். இங்கிலாந்தில் அப்படிக் கருவிகள் இருந்தது உண்மை. ஆனால் சுவரில் தொங்கிய கருவிக்கும், கருவியே இல்லாமல் நான்கு குரலில் பாடும் இந்த இசைக்கும் என்ன உறவு? இடையில் இருந்த கறுப்பினத் தலைமுறைகளைத் தாண்டிக் குதித்தால்தான் அந்தப் பூர்வீகம் பொருந்தும்.

சிவப்புத் தொப்பிக்காரர்கள்

1941இல் இந்தப் பொய் வெளிச்சத்துக்கு வந்தது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் பயணிகளின் சுமை தூக்கிய கறுப்பினத் தொழிலாளர்களை 'ரெட் கேப்ஸ்', சிவப்புத் தொப்பிகள் என்று அழைப்பார்கள். அவர்களில் நான்கு பேர் 'கிராண்ட் சென்ட்ரல் ரெட் கேப்ஸ்' என்ற குழுவாகப் பாடினார்கள். நியூயார்க் போட்டியில் வென்றார்கள். அடுத்து செயின்ட் லூயிஸ் நகரில் சங்கத்தின் தேசியப் போட்டி. அங்கே அவர்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லப்பட்டது. பாட்டில் குறை இல்லை. தோலின் நிறம்தான் குறை.

நியூயார்க் மாநில முன்னாள் ஆளுநர் அல் ஸ்மித்தும், நகரப் பூங்காத் துறைத் தலைவர் ராபர்ட் மோசஸும் எதிர்ப்புத் தெரிவித்துச் சங்கத்திலிருந்து விலகினார்கள். மோசஸ் பின்னாளில் ஏழைகளும் கறுப்பர்களும் வாழ்ந்த குடியிருப்புகளை இடித்து நெடுஞ்சாலை போட்டவர் என்பதையும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாள் நியாயமாக நடந்தவர் எல்லா நாளும் நியாயமாக நடப்பார் என்று இல்லை. அதற்காக அந்த ஒரு நாளைக் கணக்கிலிருந்து நீக்கவும் வேண்டியதில்லை.

சங்கம் அசையவில்லை. கறுப்பர்களுக்கு எதிரான தடை நீங்க 1963 வரை ஆனது. மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் லட்சக்கணக்கான மக்கள் முன் உரையாற்றிய அதே ஆண்டு. அதாவது, தங்கள் தாத்தாக்கள் உருவாக்கிய இசையைப் பாடும் சங்கத்தில் சேர, கறுப்பர்கள் 25 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

பெண்கள் கதையும் உண்டு. ஆண்கள் சங்கத்தில் இடமில்லாததால் 1945இல் அதே டல்சாவில் பெண்கள் 'ஸ்வீட் அடெலைன்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் தொடங்கிய அந்த அமைப்பே 1950களில் வெள்ளைக்காரப் பெண்கள் மட்டும் என்று விதி செய்தது! அதை ஏற்காத சில கிளைகளின் பெண்கள் வெளியேறி 1959இல் 'ஹார்மனி இன்க்' என்ற தனி அமைப்பைக் கட்டினார்கள். ஸ்வீட் அடெலைன்ஸ் தன் தடையை 1966இல் நீக்கியது. வெளியேறிய பெண்களை நாம் மரியாதையோடு நினைக்கிறோம். தங்களுக்குக் கதவு திறந்திருந்தும், பக்கத்தில் இருந்தவருக்கு மூடியிருந்ததால் அவர்கள் எழுந்து போனார்கள்.

வரலாறு எப்படித் திருத்தப்பட்டது?

கறுப்பர் அந்த இசையை விட்டுவிடவில்லை. தேவாலயத்தில் அது காஸ்பல் நால்வர் பாட்டாக வளர்ந்தது, தெருமுனையில் டூ-வாப் ஆனது, ஜாஸ் இசைக்கருவிகளுக்குள் புகுந்தது. ஆனால் 'பார்பர்ஷாப்' என்ற பெயர்ப்பலகை மட்டும் மற்றவர் கடையில் தொங்கியது.

1992இல் லின் அபட் என்ற ஆய்வாளர் 'அமெரிக்கன் மியூசிக்' ஆய்விதழில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அவர் செய்தது பெரிய தத்துவ விவாதம் எதுவும் இல்லை. பழைய கறுப்பர் இதழ்களை வாரம் வாரமாகப் புரட்டினார். நியூ ஆர்லியன்ஸ் இசைக்கலைஞர்களின் வாய்மொழிப் பதிவுகளைக் கேட்டார். யார், எங்கே, எப்போது பாடினார்கள் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். அடுக்கி முடித்தபோது மறுக்க முடியாத ஒரு வழக்கு எழுந்து நின்றது: பார்பர்ஷாப் இசையின் மூலம் கறுப்பின மக்கள். பின்னர் ஜிம் ஹென்றி, கேஜ் ஏவெரில், விக் ஹாப்சன் போன்றோர் அந்த ஆய்வை விரித்தார்கள். இவர்களில் ஜிம் ஹென்றி பார்பர்ஷாப் சங்க மேடைகளில் பாடிப் புகழ்பெற்ற வெள்ளைக்காரப் பாடகர். உள்ளே இருந்துகொண்டே உண்மையைச் சொன்னவர்.

இன்று அந்தச் சங்கத்தின் பெயர் 'பார்பர்ஷாப் ஹார்மனி சொசைட்டி'. தன் இசையின் கறுப்பின மூலத்தை அதுவே வெளிப்படையாக ஏற்கிறது. 2018 முதல் பெண்களையும் முழு உறுப்பினர்களாகச் சேர்க்கிறது. ஆனாலும் அதன் மேடைகளில் பெரும்பான்மை இன்னும் வெள்ளை முகங்கள்தான். கதவைத் திறந்துவிட்டோம் என்று அறிவித்தால் மட்டும் போதாது. பல ஆண்டுகள் 'உங்கள் வீடு இல்லை' என்று சொல்லப்பட்ட வீட்டுக்குள் யார் ஓடிவருவார்கள்?

நாம் எடுத்துக்கொள்வது

1946இல் அம்பேத்கர், டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா. அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படியைக் கேட்டார். அவர்கள் வரலாற்றை நாம் படிப்பது அந்த உறவின் தொடர்ச்சிதான். இந்த வரலாற்றிலிருந்து இரண்டு செய்திகளை மட்டும் தோழர்களிடம் வைக்கிறோம்.

ஒன்று, அபகரிப்பு எப்போதும் வெறுப்பின் முகத்தோடு வருவதில்லை. அது பாசத்தோடு வரும். 'பாதுகாக்கிறோம்' என்று வரும். 'இது எல்லோருக்கும் பொதுவானது' என்று வரும். நம் கலை மேடையேறும்போது மகிழ்வோம். கூடவே கேட்போம்: இதை ஆடிய, அடித்த, பாடிய குடும்பங்கள் அந்த மேடையில் இருக்கின்றனவா? ஊதியம் யாருக்குப் போகிறது? தேர்வுக்குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

இரண்டு, ஆவணம். கறுப்பர் தங்களுக்கென்று பத்திரிகை நடத்தியதால்தான், அதில் யார் எந்த ஊரில் பாடினார் என்ற சின்னச் செய்தியையும் அச்சிட்டதால்தான், தொண்ணூறு ஆண்டுகள் கழித்து ஒருவரால் உண்மையை நிறுவ முடிந்தது. ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் தன் ஊர் முடிதிருத்தகத்தைப் பற்றி ஒரு முன்னுரையில் சில வரிகள் எழுதிவைத்தார். அந்தச் சில வரிகள் ஒரு பெரிய சங்கத்தின் கட்டுக்கதையைச் சாய்க்க உதவின.

உங்கள் ஊரில் தாலாட்டும் ஒப்பாரியும் பாடும் பாட்டி இருக்கிறார். பறை இழுத்துக் கட்டத் தெரிந்த பெரியப்பா இருக்கிறார். கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். பாட்டை மட்டும் பதியாதீர்கள். பெயர், ஊர், யாரிடம் கற்றார், எந்தத் தெருவில் பாட விட்டார்கள், எந்தத் தெருவில் விரட்டினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். தேதி போடுங்கள்.

அன்று கூட்டம் முடிந்து கிளம்பும்போது அந்தத் தம்பி மறுபடி வந்தார். "அந்த ரெட் கேப்ஸ் நாலு பேர் பேர் என்னங்க அக்கா?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவர்களை விலக்கியதால் பதவி விலகிய இரண்டு பெரிய மனிதர்களின் பெயர் எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாடிய நால்வரின் பெயர் தெரியவில்லை. தம்பி தன் நோட்டில் அதைக் கேள்வியாக எழுதிக்கொண்டு போனார். அடுத்த கூட்டத்துக்கான வேலை அதுதான்.